பத்தியக்காரனும் புளிப்புக் கீரையும்

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

பத்தியத்தில் அறுபத்து நான்காம் நாள். காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மதியம் குழைந்த சோறு, உப்புப் போடாத பாசிப்பருப்பு, புளிக்காத மோர். ராத்திரிக்கு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டேன். நாக்கு செத்துப் பல நாளாகிறது, கருமாதி ஒன்றுதான் பாக்கி.

மே முதல் வாரம் ஒரு கல்யாண வீட்டில் குடித்த தண்ணீர்தான் வேலையைக் காட்டியிருக்க வேண்டும். மஞ்சள் காமாலை. என் மனைவி துர்கா தபால் அலுவலகத்தில் இருந்த லீவையெல்லாம் எனக்காகப் போட்டுத் தீர்த்தாள். அப்புறம்தான் கல்லலில் இருந்து செந்தாமரை அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த கையோடு புளிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. தை பிறக்கிற வரைக்கும் புளி, எண்ணெய், தாளிப்பு எதுவும் கிடையாதாம்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அக்கா வீட்டுக்காரர் சேவுகப்பெருமாள் மச்சான் காமாலையில்தான் போனார். பத்தியத்தின் நடுவில் அவர் கெஞ்சினார் என்று அக்கா ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் ரத்த வாந்தி. எட்டாம் நாள் எல்லாம் முடிந்தது. குழம்புதான் கொன்றது என்று அக்கா தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாள். என் தட்டின் மேல் அவள் வைத்திருக்கும் காவலுக்குக் காரணம் அதுதான்.

என் எடை ஐம்பத்திரண்டு. அக்டோபர் ஆறாம் தேதி பள்ளிக்கூடம் போயாக வேண்டும். எட்டாம் வகுப்புக்கு முன்னால் நாற்பது நிமிஷம் நின்று ஆங்கிலம் நடத்த இந்த உடம்பு தாங்குமா? வாய்க்கு ருசியாகத் தின்றால் தாங்கும். அக்காவை உடைக்காமல் தின்பது எப்படி?

ஆகஸ்ட் 12

இன்றும் அதே.

ஆகஸ்ட் 14, வியாழன்

படுத்துக் கிடக்கிற நேரத்துக்கு உதவும் என்று ஒரு பதிப்பகத்தின் சிறுவர் ஆங்கிலப் படச் சொல்லகராதியைத் தமிழில் செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். எஸ் எழுத்தில் நடுவாந்தரத்தில் இருக்கிறேன். இன்றைய சொல் ‘ஸாரெல்’. படத்தில் அம்பு முனை போல ஒரு கீரை.

அகராதிகளைப் புரட்டினேன். பழைய பிரெஞ்சில் ‘ஸூர்’ என்றால் புளிப்பு. அதிலிருந்து ‘ஸூரெல்’, அதிலிருந்து இது. இலையைக் கிள்ளி வாயில் போட்ட முதல் ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்ன சொன்னானோ, அதுவே பேராக நின்றுவிட்டது. நம் ஊரிலும் அதே கதைதான். புளிச்சக்கீரை, புளியாரை. யாரும் மெனக்கெட்டுப் பேர் வைக்கவில்லை, நாக்கு வைத்த பேர். படத்தில் இருப்பது நம் சுக்கான்கீரைக்குச் சொந்தக்காரன். ஆனால் கரீபியன் தீவுகளில் புளிச்சக்கீரை வகைச் செடியைத்தான் ‘ஸாரெல்’ என்கிறார்களாம். அதன் சிவப்புப் பூவிதழைக் கொதிக்க வைத்துக் கிறிஸ்துமஸுக்குக் குடிப்பார்களாம்.

எழுதும்போதே வாயில் எச்சில் ஊறி இரண்டு தடவை விழுங்கினேன். காகிதத்தில் இருக்கிற கீரைக்கு இப்படி ஊறுகிற நாக்கு எப்படிச் செத்த நாக்கு ஆகும்?

ஆகஸ்ட் 18, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியான அளவில். காமாலையைக் காட்டும் பிலிருபின் ஜூனில் பதினான்காக இருந்தது, இன்று பூஜ்யம் புள்ளி எட்டு. துர்காவும் நானும் டாக்டர் அழகுசுந்தரத்திடம் போனோம். அவர் என் விலா எலும்பைப் பார்த்துவிட்டு, “என்ன சார், பட்டினி கெடக்குறீகளா?” என்றார்.

பத்தியம் என்றோம். “புளி வேணாம்னு யாரு சொன்னது? வீட்டுச் சாப்பாடு எல்லாம் சாப்பிடுங்க. தெம்பு வர வேணாமா?”

வீட்டுக்கு வந்து துர்கா பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். அக்கா காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

“மதினி, டாக்டரே சொல்லிட்டாக. இன்னும் எதுக்குப் பயப்படுறீக?”

“மிஷினு ரத்தத்தப் பாத்துச் சொல்லுது. உள்ள இருக்குறத ஆரு பாத்தா?”

ராத்திரி இட்லி.

ஆகஸ்ட் 19

காலையில் எழுந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள். “இங்குட்டு வா. வெளிச்சத்துல கண்ணக் காட்டு.” கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றாள். அவள் வந்த நாள் முதல் இப்படித்தான் என் பொழுது விடிகிறது. எனக்கு நாற்பத்தொன்பது வயது!

ஆகஸ்ட் 21, வியாழன்

‘ஸாரெல்’லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. குதிரையின் நிறம், செம்பழுப்பு. நம் ஊரில் மாட்டுக்குச் சொல்லும் செவலை. அந்த நிறத்தை வைத்தே மூன்று வயது மான்கிடாவுக்கும் ஒரு காலத்தில் இந்தப் பேர் இருந்திருக்கிறது. எழுத்து ஒன்றுதானே, இதுவும் புளிப்பில் இருந்து வந்ததுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. இது வேறு வீட்டுப் பிள்ளை. இதன் வேரில் இருப்பது ‘உலர்ந்த’ என்ற பொருள். காய்ந்த இலையின் நிறம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி அடுத்த பக்கத்தையும் பார்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் உப்பிட்டுப் புகையில் உலர்த்திய மீனைச் சொல்வதற்கும் அந்தக் குடும்பத்துச் சொல்தானாம். அதாவது கருவாடு.

ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் கருவாடு. அக்கா இந்த வீட்டுக்குள் விடாத இரண்டும் ஒரே சொல்லுக்குள் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. உரக்கச் சிரித்துவிட்டேன். “என்னடா?” என்று அடுப்படியில் இருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லிச் சிரிக்கக்கூடிய விஷயமா இது?

ஆகஸ்ட் 25, திங்கள்

தப்புச் செய்துவிட்டேன்.

அக்கா காலையில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். துர்கா வேலைக்குப் போய்விட்டாள். கீரைக்கூடை ஆயி வாசலில் நின்று, “புளிச்சக்கீரை இருக்கு, வேணுமா?” என்றாள். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், பாவம். ஒரு கட்டு வாங்கினேன். சமைக்கவெல்லாம் பொறுமை இல்லை. கொல்லைப்பக்கம் நின்று, கழுவி, உப்பைத் தொட்டு இலை இலையாகத் தின்றேன். முதல் இலைக்கே காது மடல் வரை சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர். இருக்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன் என்று தோன்றியது. பாதிக் கட்டு காலி.

திரும்பினால் அக்கா நிற்கிறாள், கையில் குங்குமப் பொட்டலம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காம்புகளைக் குனிந்து பொறுக்கினாள். பிறகு என்னைக் கூடத்தில் உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தாள். மணிக்கொரு தடவை கண்ணை இழுத்துப் பார்த்தாள். மதியம் எனக்குச் சோறு வைத்தாள், தான் சாப்பிடவில்லை. துர்கா வந்து எவ்வளவு சொல்லியும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒரு கட்டுக் கீரைக்காக இப்படிச் செய்தேனே. சின்னப் பிள்ளையா நான்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிகூட எடுத்தது. அக்கா இன்னும் சாப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: “எனக்கு ஒண்ணும் ஆகலேல்ல? அப்பறம் என்னக்கா?”

அப்போதுதான் சொன்னாள். குரலை உயர்த்தாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு நீதானடா கேட்டே, பத்தியத்துல இருக்குற மனுசனுக்குக் கருவாடா குடுத்தேன்னு. அத்தன சனம் நின்னுச்சு. இன்னைக்கு நீயே ஒண்ணும் ஆகலங்குறே.”

நானா? நானா கேட்டேன்?

கேட்டேன். மறந்தே போயிருந்தேன், பாவி. மச்சானை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில், வேப்பமரத்தடியில், எல்லாரும் இருக்கும்போது. ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கிடைத்த ஆள் மேல் காட்டினேன். நான் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அவள் அதைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 27

துர்கா ஒன்று கேட்டாள். “மதினி என்ன சாப்பிடுறாகன்னு என்னைக்காச்சும் கவனிச்சீகளா?”

எனக்கு வைக்கிறதைத்தான் தானும் சாப்பிடுகிறாள், எனக்குத் துணையாக என்று நினைத்திருந்தேன். துர்காவுக்குச் சந்தேகம். திருப்பூரில் இருக்கும் அக்கா மகள் நிவேதாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். “அப்பா போனதுல இருந்து அம்மா புளியும் கருவாடும் தொடுறதே இல்லையே அத்தை. மாமாவுக்குத் தெரியாதா?”

மாமாவுக்குத் தெரியாது. ஒன்பது தீபாவளி, ஒன்பது பொங்கல், எத்தனையோ விசேஷம். அக்கா பரிமாறுவாள், நான் தின்பேன், ஏப்பம் விட்டு எழுந்து போவேன். கடைசியில் அவள் தட்டில் என்ன விழுந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டரை மாதத்துக்கே நான் இந்தப் பாடு படுகிறேன்.

இனி என் நாக்கைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

துர்காவோடு கல்லல் போய்வந்தேன். அக்காவிடம் காற்றாட என்று சொன்னோம். நம்பியிருக்க மாட்டாள், ஆனாலும் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். மச்சானின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எங்கே என்று கேட்டதற்கு, “டிரங்குப் பெட்டியில, மஞ்சப்பையில கெடக்கு. எல்லாம் இங்கிலீசு” என்றாள்.

எல்லாம் இங்கிலீசு. தம்பி இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். ஒருநாளும் அந்தப் பையை எடுத்துப் படித்துச் சொன்னதில்லை.

மதுரையில் எடுத்த ஸ்கேன் காகிதத்தில் தேதி 2016 செப்டம்பர் 3. ஈரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறது என்று இருக்கிறது. நோய்க் கிருமி பல வருஷமாக உடம்பில் இருந்திருக்கலாம் என்று இன்னொரு காகிதம். ஆஸ்பத்திரியில் சேர்த்தது 27ஆம் தேதி. குழம்பு வைத்தது அதற்கு நாலு நாள் முன்னால், 23. அதாவது அக்கா அடுப்பைப் பற்ற வைப்பதற்கு இருபது நாள் முன்பே எல்லாம் எழுதியாகிவிட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும். மதுரைக்கு மச்சானைக் கூட்டிப் போனது நான். ‘ரொம்ப முத்திருச்சு, வருஷக்கணக்கா இருந்திருக்கு’ என்று அங்கே என்னிடம் சொன்னார்கள். அக்கா தாங்கமாட்டாள் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. மறைத்தவனும் நான், அப்புறம் வேப்பமரத்தடியில் அப்படிக் கேட்டவனும் நான்.

துர்கா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் மெதுவாக, “நீங்களே சொல்லணும்” என்றாள்.

செப்டம்பர் 1

சொல்லவில்லை.

செப்டம்பர் 3

இன்றும் சொல்லவில்லை. இமையை இழுத்துப் பார்க்கும்போது அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். கோழை.

செப்டம்பர் 5, வெள்ளி

என் பரிசோதனை என்று சொல்லி அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். மஞ்சப்பையை அவர் மேஜையில் வைத்தேன். அவர் நிதானமாக ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏம்மா, இவருக்கு வந்தது வேற, ஒங்க வீட்டுக்காரருக்கு வந்தது வேற. கண்ணு மஞ்சளானா ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கிறோம். அவருக்கு ஈரலே சுருங்கிப்போச்சு. நீங்க குழம்பு வைக்காட்டியும் அதேதான் நடந்திருக்கும்.”

“அவுக கேட்டாகய்யா. ஒரு வாய் குடு, ஒரு வாய் குடுன்னு.”

“குடுத்தீகள்ல? சாப்பிட்டாரா?”

“ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாக.”

“அப்ப அந்த மனுசன் கடைசியா ருசியாச் சாப்பிட்டது ஒங்க கையாலதான்” என்றார்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். மதுரை, ஸ்கேன், மறைத்தது, எல்லாம். மன்னிச்சுரு அக்கா என்றேன். ரோட்டில் நின்று அழுதேன், பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

“ஒம்பது வருசம்டா” என்றாள். ஆட்டோவில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 6

அக்கா என்னிடம் பேசவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7

பேசவில்லை. பருப்பில் உப்பு இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

‘ஸாரெல்’லை முடித்து அனுப்பிவிட்டேன். சுக்கான்கீரை என்று போட்டு, ‘புளிச்சக்கீரை, புளியாரை போலப் புளிக்கும் இலை’ என்று ஒரு வரி சேர்த்தேன். குதிரைக்குத் தனி எண் கொடுத்துச் செவலை என்று எழுதினேன். மீனை விட்டுவிட்டேன், குழந்தைகளுக்கு அதெல்லாம் எதற்கு?

சாயங்காலம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்தப் பொஸ்தகத்துல என்னத்தத்தான் எழுதுறே?” என்றாள். ஐந்து நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. இலைப் படத்தைக் காட்டி, பேர் வந்த கதையைச் சொன்னேன். குதிரையையும் சொன்னேன். கடைசியில் மீனையும் சொல்லிவிட்டேன், பயந்துகொண்டே.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். “வெள்ளக்காரனுக்கும் கருவாடு பிடிக்குமாக்கும்” என்றாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. சத்தியமாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 15

புளிப் பானை பரணில் இருந்து இறங்கியிருக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது எல்லாருக்கும் புத்தி வந்திருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

அக்காவே ஆயியைக் கூப்பிட்டுப் புளிச்சக்கீரை வாங்கினாள். வாடல் இலையைக் காட்டி ஒரு பாட்டம் சண்டையும் போட்டாள். பூண்டும் வரமிளகாயும் போட்டுக் கடைந்து, சோற்றில் நல்லெண்ணெய் விட்டு என் முன்னால் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் இருந்து பார்த்தாள்.

“நீயும் சாப்பிடேன்க்கா.”

“எனக்கு வேணாம்டா. இப்பிடியே பழகிப்போச்சு.”

தட்டில் மோர்ச்சோறு போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். என் காவல் நீங்கிவிட்டது, அவள் காவல் நீங்கவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், நான் அழுதுவிட்டேன், காகிதத்தில் தேதி இருக்கிறது. இன்னும் என்னதான் வேண்டும்? துர்காவிடம் புலம்பினேன். “ஒம்பது வருசத்த ஒரு நாள்ல எறக்கி வைக்கச் சொன்னா எப்பிடிங்க? விடுங்க, அவுகளா வருவாக” என்றாள்.

செப்டம்பர் 28

எடை ஐம்பத்தாறு. மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கினேன், மூச்சு வாங்கவில்லை.

அக்டோபர் 2

நிவேதா வந்து போனாள். தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம். அக்காவும் நாளைக்கே கல்லல் போகிறாள், வீட்டைப் பூட்டிப்போட்டு எத்தனை நாளாயிற்று.

மதியம் மறுபடி புளிச்சக்கீரை. மூன்று பேரும் சேர்ந்து உட்காரலாம் என்று துர்கா பிடிவாதம் பிடித்தாள். அக்கா எனக்கு வைத்தாள், துர்காவுக்கு வைத்தாள். கரண்டி சட்டியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் தலையைக் குனிந்து என் சோற்றைப் பிசைந்தேன். பார்க்கக்கூடாது, பார்த்தால் கரண்டியைக் கீழே போட்டுவிடுவாள் என்று தோன்றியது.

நிமிர்ந்தபோது அவள் வாயில் கவளம் இருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், முகம் முழுக்கச் சுருங்கி. கன்னத்தில் வழிந்தது புளிப்பினால் வந்த கண்ணீரா, வேறெதுவுமா, எனக்குத் தெரியாது. மென்றாள். விழுங்கினாள்.

“உப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றாள்.

பிறகு சாப்பிட்டாள். வேகமாக, தலையைத் தூக்காமல். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். நான் தட்டை நீட்டினேன், “எனக்கும் கொஞ்சம் வையிக்கா.”

சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒனக்குப் போதும். மிச்சம் எனக்கு.”

மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.